ஃபென்விக் கரைக்கு ஒரு நடை

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தால் நியூ ஹேவனுக்கு இரண்டு மணி நேரம். அங்கே இறங்கி ஷோர் லைன் ஈஸ்ட் ரயிலுக்கு மாற வேண்டும். ஜன்னலில் நாணல் காடும் உப்பங்கழியும் மாறி மாறி வரும். முக்கால் மணி நேரத்தில் ஓல்டு சேப்ரூக். கனெக்டிகட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சிற்றூர். நான் போனது ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னுக்காக மட்டும்தான்.

மெயின் தெருவில் 1911இல் கட்டிய பழைய நகர்மன்றக் கட்டடம், 2009 முதல் அவர் பெயரில் கலை அரங்கமாக இயங்குகிறது. ஊர்க்காரர்கள் செல்லமாக 'தி கேட்' என்கிறார்கள். சுமார் 250 பேர் உட்காரலாம். உள்ளேயே ஒரு சிறு அருங்காட்சியகம். புகைப்படங்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். எந்தப் படத்திலும் அந்தத் தாடை கொஞ்சம் தூக்கியே இருக்கிறது. நடிப்புக்காக நான்கு ஆஸ்கர் வாங்கியவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். அந்த நான்கில் ஒன்றைக்கூட அவர் நேரில் போய் வாங்கியதில்லை.

பழைய புத்தகங்களில் அவர் பிறந்தநாள் நவம்பர் 8 என்றிருக்கும். உண்மையில் 1907 மே 12, ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். நவம்பர் 8 அண்ணன் டாமின் பிறந்தநாள். 1921இல், 15 வயதில் டாம் இறந்துகிடந்ததை முதலில் பார்த்தவர் இந்தத் தங்கைதான். அதன்பின் அண்ணன் பிறந்த நாளையே தன்னுடையதாகச் சொல்லிவந்தார். 1991இல் வந்த தன்வரலாற்றில்தான் உண்மையை எழுதினார். எழுபது வருஷம்! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அரங்கத்திலிருந்து தெற்கே நடந்தால் சவுத் கோவ் நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சாலை. இரண்டு பக்கமும் தண்ணீர், முகத்தில் அறையும் காற்று. கம்பத்தின் மேல் சுள்ளிக்கூடு. விராலடிப்பான் பறவை ஒன்று காலில் மீனோடு வந்து இறங்கியது. அக்கரைதான் ஃபென்விக். ஹெப்பர்ன் குடும்பத்தின் கடற்கரை வீடு இருந்த இடம். இப்போது அது வேறொருவர் வீடு, அதனால் வாசல்வரை போகவில்லை. சாலையோரம் நின்று கூரைகளைப் பார்த்தது போதும் எனக்கு.

நான் பார்க்க வந்தது 1938ஐ. அந்த வருஷம் மே மாதம், இவர் நடித்தால் வசூல் படுத்துவிடும் என்று திரையரங்கு உரிமையாளர் சங்கம் ஒன்று பெயர் போட்டு விளம்பரமே கொடுத்தது. ஸ்டுடியோவை விட்டு வெளியேறி, நேராக இந்தக் கரைக்கு வந்துவிட்டார். செப்டம்பர் 21 காலையில் இதே கடலில் நீந்தினார், கோல்ஃப் ஆடினார். மதியம் பெரும்புயல். வீட்டிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக ஏறித் தப்பினார்கள். வீடு அப்படியே மிதந்து போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் மணலைத் தோண்டி வெள்ளிக் கரண்டிகளைப் பொறுக்கியவர், அடுத்த வருஷமே அதே இடத்தில் செங்கல்லில் வீடு எழுப்பினார்.

அதே 1939இல்தான் பிராட்வேயில் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' நாடகம். சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்றார். 417 காட்சிகள் ஓடியது. படமாக்கும் உரிமையைக் கோடீஸ்வரர் ஹோவர்டு ஹியூஸ் ஏற்கெனவே இவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். எம்ஜிஎம் ஸ்டுடியோ கேட்டபோது, நாயகி நான்தான் என்ற நிபந்தனையோடு ஹெப்பர்ன் அதை விற்றார். 1940இல் படம் வந்தது. வசூல் படுத்துவிடும் என்று எழுதிய அரங்குகளிலேயே கூட்டம். சினிமா கைவிட்டபோது மேடை தாங்கியது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மேடைக்கு வழிதேடி நடந்தது அவருடைய கால்தானே.

அதற்குப் பிறகு ஸ்பென்சர் டிரேசியுடன் ஒன்பது படங்கள், காங்கோவில் நோயோடு நடித்த 'தி ஆஃப்ரிக்கன் குவீன்', கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள், அறுபதைத் தாண்டி 'கோகோ' என்ற இசை நாடகம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

2003 ஜூன் 29 அன்று, 96 வயதில், புயலுக்குப் பின் எழுப்பிய அந்த வீட்டில்தான் உயிர் பிரிந்தது. பிராட்வேயில் விளக்குகளை மங்க வைத்தார்கள்.

நான் திரும்பி நடந்தபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. அலை சாலையோரக் கற்களை நனைத்தது. விராலடிப்பான் கூட்டிலேயே இருந்தது.