ஒரே வளவில் வேறு வைத்த கம்ப்யூட்டர்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பதில் ஒரு சுகம், வெயில் நேரத்தில் பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படித்தான் ஒரு சித்திரை மாதம் தேவகோட்டையில் ஒரு ஆச்சி கூப்பிட்டார். விண்டோஸ் 10. லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் கறுப்புத் திரைதான். வீட்டுப் பராமரிப்புக்குப் பங்காளிகள் கொடுத்த பணத்தின் வரவு செலவு, ஓடு மாற்றிய கூலி வரைக்கும் அதற்குள்தான் இருக்கிறது. லீவுக்கு வந்த பேரன் கூடவே உபுண்டு என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

"ஒரு மெஷினுக்குள்ள ரெண்டு எப்படித் தம்பி இருக்கும்?"

டிஸ்க்கைப் பிரித்து ஆளுக்கொரு பாகம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். "வேறு வச்சிருக்கான்னு சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டு வளவுக்குள் அறையும் அடுப்பும் தனியாகக் கொடுப்பதை நகரத்தார் அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கும் சேஃப் மோடுக்குப் போக, பழைய பழக்கத்தில் எஃப்8-ஐத் தட்டினேன். விண்டோஸ் 8-லிருந்தே அது சும்மா தட்டினால் வேலை செய்யாது, தெரிந்தும் விரல் போகிறது. அதோடு இந்த மாதிரி மெஷினில் முதலில் எழுந்து வருவது உபுண்டு வைத்த கிரப் மெனு, இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல். அதில் ரெக்கவரி மோட் என்று ஒன்றைப் பார்த்ததும் ஆசை வரும், ஆனால் அது உபுண்டுவுக்கான வைத்தியம், விண்டோஸின் டிரைவரை, அதாவது திரை மாதிரி பாகங்களை இயக்கும் புரோகிராமை, அது தொடாது. ஆகவே கிரப்பில் விண்டோஸைத் தேர்ந்து, லோகோ வந்ததும் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் தானே ரிப்பேர் திரைக்குப் போகும். மனசுக்குக் கஷ்டமான வழிதான், வேறு வழி இல்லாதபோது செய்கிறோம். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆச்சி நீர்மோர் கொண்டுவந்தார். டம்ளரை வாங்கித் திரும்புவதற்குள் கிரப்பின் 10 விநாடி ஓடி, உபுண்டு ஜம்மென்று திறந்து நிற்கிறது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கிரப்தான் முதலில் வரும், மறுபடி விண்டோஸைத் தேர வேண்டும், இது எனக்குத் தெரியாததா என்ன! திரும்பவும் ரீஸ்டார்ட் செய்து, இந்தத் தடவை கண் இமைக்காமல் விண்டோஸைத் தேர்ந்து, எண் போட்ட பட்டியல் வந்ததும் 4-ஐ அமுக்கினேன். நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்ற எழுத்தோடு திரை வந்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரைப் பழையதற்கு ரோல் பேக் செய்தேன், அவ்வளவுதான் வியாதி. கடிகாரம் மட்டும் மத்தியானம் மூன்று மணிக்குக் காலை ஒன்பதரை என்று காட்டியது. உபுண்டு போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதிவிடும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். அதையும் சரி செய்தேன்.

இன்னொரு தடவை உள்ளே வர நேர்ந்தால் இந்தப் பாடு வேண்டாமே என்று, விண்டோஸ் எப்படித் திறக்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிகில் சேஃப் பூட்டை டிக் செய்தது என் புத்திசாலித்தனம். பிறகு பேச்சு சுவாரசியத்தில் அதை எடுக்க மறந்துவிட்டேன், நார்மலாகப் பூட் ஆகிறதா என்று பார்க்கவும் இல்லை. டிக் இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடில்தான் திறக்கும்.

மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா நல்லாருக்கு, கண்ணாடியே வேணாம். சுப்ரபாதம்தான் வரலை." சேஃப் மோடில் சவுண்ட் எங்கே வரும்? வெட்கமாக இருந்தது. போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவரே டைப் செய்து டிக்கை எடுத்தார். ரீஸ்டார்ட் ஆகிப் பாட்டும் வந்தது.

"எழுத்து மறுபடி பொடிசாப் போச்சே தம்பி" என்றார். சாயங்காலம் தேவகோட்டைக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்துவிட்டு வந்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.