மூன்று பள்ளங்கள்

"சார், மூணும் ஒரே திசையிலதானே சாஞ்சிருக்கு?"

பழைய வெள்ளி நாணயம் ஒன்றில் இருந்த மூன்று பள்ளங்களைக் காட்டி என் உதவியாளப் பெண் கேட்டாள். நாணயங்களின் விவரப் பட்டியலை அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். "விடும்மா, சேதம்னு போட்டுடு" என்றேன். அவள் போட்டுவிட்டாள். நாணயமும் யாரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அது அமெரிக்க வெள்ளி வர்த்தக டாலர். சீன வணிகத்துக்கென்றே 1873-ல் அச்சிடத் தொடங்கியது. எடை 27 கிராமுக்குச் சற்று அதிகம். சீன வணிகர்கள் வெள்ளியின் தரத்தைச் சோதித்து, தங்கள் சாப்பாவை, அதாவது சிறிய அடையாள முத்திரையை, அதில் குத்திக் கொடுப்பார்கள். கை மாற மாற, ஒரே நாணயத்தில் பத்துப் பதினைந்து குத்துகூட விழும். ஒரு காலத்தில் பலரும் இவற்றைக் கெட்டுப்போன நாணயம் என்று ஒதுக்கினார்கள். இன்று இந்தக் குத்துகளுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே 'சேதம்' என்ற ஒரு சொல் சாதாரணமானதல்ல. அது எனக்கு அன்றும் தெரியும்.

சாப்பாவில் பெரும்பாலும் எழுத்து இருக்கும். இதில் எழுத்து இல்லை; நாணயத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவின் நீட்டிய கைக்கு மேலே நீளவாக்கில் மூன்று பள்ளங்கள், அவ்வளவுதான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். முத்திரை அச்சால் குத்தினால் பெரும்பாலும் பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்கும், அடி தட்டையாக இருக்கும், ஒதுங்கிய வெள்ளி ஓரத்தில் மேடு கட்டும். இங்கே மேடு இருந்தது, ஆனால் மழுங்கியிருந்தது. அடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பையில் இன்னொரு நாணயத்தின் வரி விளிம்பு இடித்தாலும் இணையான கோடுகள் விழும் என்று அவளுக்கு விளக்கினேன். தப்பான விளக்கம் அல்ல. ஆனால் அந்த விளிம்பு வரிகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்தப் பள்ளங்கள் நன்றாகவே தள்ளித் தள்ளி இருந்தன. அளவுகோல் மேஜையிலேயே கிடந்தது, நான் எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. திருப்பிப் பார்த்தபோது, பள்ளங்களுக்கு நேர் பின்னே கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது. தேய்மானம் என்று நினைத்தேன். தேய்மானம் மேடான இடத்தைத்தான் முதலில் பிடிக்கும்; அது அப்படி மேடான இடமும் இல்லை. கெட்டியான தளத்தில் வைத்து ஓங்கி அடித்தால் பின்பக்கம் அப்படித் தட்டையாகும். இதை அன்று யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, வேண்டுமென்றே அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே செம்பா என்று பார்க்க ஒருவன் மூன்று முறை கொத்தியிருக்கலாம்; பொழுதுபோகாமலும் கொத்தியிருக்கலாம். உலோகம் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதை லென்ஸ் காட்டும். அடித்தவன் மனதில் என்ன இருந்தது என்பதை எந்த லென்ஸ் காட்டும்? அந்த வகையில் என் முடிவு தவறில்லை என்றே படுகிறது. ஆனால் அவள் என்னிடம் கேட்டது மனதைப் பற்றி அல்ல, திசையைப் பற்றி.

படம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்தது. தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மூன்றும் மேடாகத் தெரிகின்றன. இதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. தெரிந்தும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் அவள் 'சேதம்' என்று எழுதுவதில்லை. "மூன்று பள்ளங்கள், ஒரே சாய்வு, பின்புறம் தட்டை" என்கிற மாதிரி, கண்ணில் பட்டதை மட்டும் எழுதி நீட்டுகிறாள். நானும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். என் பட்டியல்களில் மட்டும் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.