எதை முதலில் தொடுவது

அவுட்ரீச்சி பயிற்சிக்குத் தேர்வாகி டிசம்பரில் வேலை தொடங்கியபோது என்னிடம் ஓர் அட்டவணை இருந்தது. விண்ணப்பத்தோடு நானே எழுதிக் கொடுத்தது. முதல் நான்கு வாரம் பழைய நிரலைச் சீர்படுத்துவது, அடுத்த நான்கு வாரம் தட்டச்சு செய்யும்போதே சொற்களை எடுத்துக் கொடுக்கும் புதிய தேடல் பெட்டி, மிச்ச நாட்களில் ஆவணங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதில் சொன்னபடி நடந்தது ஆவணங்கள் மட்டும்தான்.

அவுட்ரீச்சி பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் லினக்ஸ் கணினிகளுக்குத் திரைச்சூழலை உருவாக்கும் க்னோம் திட்டத்தில் பெண்களுக்காக ஆரம்பித்த முயற்சி அது. இன்று தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டைச் சந்திக்கும் பலருக்கும் திறந்திருக்கிறது. வீட்டிலிருந்தே மூன்று மாதம், வாரத்துக்கு 30 மணி நேரம், யாரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றில் வேலை செய்யலாம். நான் சேர்ந்தபோது உதவித்தொகை 7,000 டாலர். மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தை பிறந்த பிறகு நான்கு வருடம் வேலையை விட்டு வீட்டிலிருந்த எனக்கு அந்த ஒரு விதி எவ்வளவு பெரிய கதவு என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தேர்வுக்கு முன்னால் பங்களிப்புக் காலம் என்று ஏறக்குறைய ஒரு மாதம் உண்டு. விரும்பும் திட்டத்தில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு திட்டம் போதும் என்று அவர்களே அறிவுறுத்துகிறார்கள். நான் முதல் வாரம் நான்கைத் திறந்து வைத்துக்கொண்டு எதிலும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த நிரல்மொழி எது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு திட்டத்திலும் கடந்த ஒரு மாதத்தில் புதியவர்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்களுக்கு, அதாவது என் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைகளுக்கு, எத்தனை நாளில் பதில் வந்தது என்று பார்த்தேன். ஒன்றில் இரண்டு வாரமாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்றில் மறுநாளே பதில் வந்திருந்தது. தப்பாக எழுதியிருந்தவருக்கும் ஏன் தப்பு என்று பொறுமையாக விளக்கியிருந்தார்கள். அதையே எடுத்தேன். சொல் தொகுப்புகளைப் பராமரிக்க உதவும் ஒரு மென்பொருள். இன்று யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தப் பதில்களைத்தான்.

வேலை தொடங்கிய இரண்டாவது வாரம், தேடலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது 'கொடி' என்று தட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தொகுப்பைத் திறந்து பார்த்தால் 'கொடி' கண்ணெதிரே இருக்கிறது. இரண்டையும் எண்களாக மாற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் தட்டியதில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி 0BCA என்ற ஒரே எண்ணாக இருந்தது. தொகுப்பில் இருந்ததில் அதே குறி ஒற்றைக்கொம்பும் காலுமாக, 0BC6, 0BBE என்று இரண்டு எண்களாக இருந்தது. திரையில் ஒரு துளி வித்தியாசம் தெரியாது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் ஒருங்குறியின் விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் நிரல் அப்படிப் பார்க்கவில்லை. ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்கு மட்டும் யாரோ எப்போதோ சரிசெய்து வைத்திருந்தார்கள். மலையாளத்திலும் வங்காளத்திலும் ஒகரக் குறி இதே மாதிரி இரண்டாகப் பிரியும். அவற்றிலும் தேடிப் பார்த்தேன், அதே கதை.

பயனர்கள் குறைகளைப் பதிந்து வைக்கும் பழைய இஷ்யூக்களைத் துழாவினால், ஒருவர் ஒன்றரை வருடத்துக்கு முன்பே "தமிழில் தேடல் சரியாக வரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கேட்பாரில்லாமல் கிடந்தது.

என் அட்டவணையில் இது இல்லை. இரண்டு எழுத்து வடிவங்களையும் ஒன்றாக்குவது ஒரு வரி வேலைதான். ஆனால் தேடலுக்காக ஏற்கெனவே சேமித்து வைத்த சொல்லடைவு முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டும், அதற்குச் சோதனைகள் எழுத வேண்டும், பழைய பதிப்பிலிருந்து மாறுகிறவர்களின் தரவு உடையக்கூடாது. இரண்டு வாரமாவது பிடிக்கும். புதிய தேடல் பெட்டி தள்ளிப்போகும். எல்லோருக்கும் காட்டக்கூடிய வேலை அதுதான். வேலை தேடும்போது ரெஸ்யூமேயில் எழுத நான் நம்பியிருந்ததும் அதைத்தான்.

என் வழிகாட்டி பிரேசிலில் இருந்தார். எங்களுக்கு இரவு ஏழு மணி என்றால் அவருக்குக் காலை பத்தரை. அன்றைய அழைப்பில் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் நேரடியாக எதுவும் முடிவு சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: இந்த இரண்டில் எது இல்லாததால் இன்றைக்கு ஒருவரின் வேலை நின்றுபோயிருக்கிறது?

சொற்களை எடுத்துக் கொடுக்கும் அந்தப் பரிந்துரைப் பெட்டி இல்லாமல் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. அன்றிரவே அட்டவணையைத் திருத்தி அனுப்பினேன். திருத்துவதைத் தோல்வி என்று நினைத்துத்தான் அவ்வளவு தயங்கியிருக்கிறேன். அவுட்ரீச்சியில் அட்டவணை மாறுவது எதிர்பார்க்கிற ஒன்றுதான். பாதி வழியில் நின்று மறுபடி பார்க்கச் சொல்வதும் அவர்களேதான்.

இன்னொன்றும் அப்போது பிடிபட்டது. டிசம்பர் 20 தாண்டினால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வழிகாட்டியும் பராமரிப்பாளர்களும் விடுமுறையில் போய்விடுவார்கள், ஜனவரி முதல் வாரம் வரை ரிவியூ செய்ய ஆள் இருக்காது. கட்டற்ற மென்பொருளில் எழுதுகிற கைகளைவிடப் படித்துப் பார்க்கிற கண்கள் எப்போதும் குறைவு. அதனால் அடுத்தவர் ஒப்புதல் தேவைப்படும் பகுதிகளை முன்னால் இழுத்து, ஒரே பெரிய புல் ரிக்வெஸ்ட்டாக இல்லாமல் நான்கு சின்னதாகப் பிரித்து, 18-ஆம் தேதிக்குள் அனுப்பினேன். மூன்று மெர்ஜ் ஆயின, அதாவது மென்பொருளின் நிரலோடு சேர்ந்துவிட்டன. தனியாகச் செய்யக்கூடிய சோதனைகளையும் ஆவணங்களையும் விடுமுறை நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்தேன். மார்கழிக் குளிரில் பாப்பா தூங்கிய பிறகு, மின்விசிறிச் சத்தம் இல்லாத அந்த ராத்திரிகளில் எழுதிய சோதனைகளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. 'கொடி', 'கோழி', 'கௌரவம்' என்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வடிவத்திலும் எழுதி, இரண்டுக்கும் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பேன். பச்சை விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர் ஞாபகத்துக்கு வருவார்.

பொங்கல் கழிந்த வாரம் கடைசிப் பகுதியும் மெர்ஜ் ஆனது. பழைய இஷ்யூவில் போய் எழுதினேன். நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. தமிழில். பள்ளி ஆசிரியராம். தன் வகுப்புக்கென்று தொகுத்து வைத்திருந்த சொற்பட்டியலைத் தேடல் வேலை செய்யாததால் பாதியில் விட்டிருந்தாராம், மறுபடி எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மீதியிருந்த நாட்களில் பரிந்துரைப் பெட்டியைத் தொடங்கவே இல்லை. அரைகுறையாக ஒரு கிளையில், அதாவது நிரலின் தனிப் பிரதியில், விட்டுப்போனால் அடுத்து வருபவர் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் சலித்துவிடுவார். அதற்குப் பதில் அதை ஐந்து தனி இஷ்யூக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பைத் தொட வேண்டும், நான் யோசித்துக் கைவிட்ட வழி எது, ஏன் கைவிட்டேன் என்று எழுதி வைத்தேன். அதற்கு முழுசாக மூன்று நாள் ஆனது.

அடுத்த பருவத்தின் பங்களிப்புக் காலத்தில் அந்த ஐந்தில் முதலாவதை ஒரு பெண் எடுத்துக்கொண்டார். அவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டைப் படித்துப் பார்க்க வழிகாட்டி என்னையும் சேர்த்திருந்தார். மறுநாள் காலைக்குள் பதில் எழுதிவிட்டேன்.