தாய்மாமன் சீரில் ஒரு கோ-கார்ட்

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அக்கா தானாகக் கூப்பிட்டால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும் என்பது எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். இம்முறை அந்தக் கணக்கு, பால் நோட்டின் பின்பக்கங்களில், அக்கா மகனான என் மாப்பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்தது. தரையை ஒட்டி ஓடும் குட்டி ரேஸ் வண்டியான கோ-கார்ட்டில் பந்தயத்தில் இறங்க என்னென்ன வேண்டும், என்ன விலை என்று பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் காட்டாத அக்கறையோடு எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டுக் கூட்டியும் வைத்திருந்தான்.

விடுமுறையில் வாடகை கார்ட்டில் சில நிமிடங்கள் சுற்றியதில் தொற்றிய நோய் இது. அந்தச் சில நூறு ரூபாயைக் கொடுத்தவன் நான் என்பதால், மீதிச் சில லட்சங்களையும் நானே கொடுப்பதுதான் முறை என்று அக்கா கருதுகிறாள். காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்திருந்தான் என்று அவள் தொடங்கியதுமே, எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இத்தாலியிலிருந்து வர வேண்டுமாம். எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், 125 சிசி, டூ ஸ்ட்ரோக், ஏறத்தாழ 30 குதிரைத்திறன். சுங்க வரியும் சேர்ந்தால், கதவும் கூரையும் ஏசியும் உள்ள ஒரு சிறிய காரின் விலைக்கு, இவை எதுவும் இல்லாத, சஸ்பென்ஷன்கூட இல்லாத ஒரு வண்டி கிடைக்கும். சஸ்பென்ஷன் இல்லாததால் ஒவ்வொரு குலுக்கலும் ஃபைபர் சீட் வழியாக நேரே விலா எலும்பில் இறங்கும். ஆகவே விலா எலும்புக்கென்று தனியாக ஒரு கவசம். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது, ஏற்கெனவே எங்கே அடிபட்டது என்று வெளியே தெரியாது என்றான். அதுவரை எல்லாவற்றையும் செகண்ட் ஹாண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். இத்தனைக்கும் பையனுக்கு இன்னும் பதினாறு ஆகவில்லை. கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவர ஸ்கூட்டரைத் தொடக்கூடச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கலாம், அதற்கு மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் போட்டி உரிமமும் டாக்டர் சான்றிதழும் இருந்தால் போதும்.

மச்சானை இவன் முன்கூட்டியே வளைத்திருக்கிறான். லேத்துப் பட்டறைக்காரரை வளைக்கப் பணம் வேண்டியதில்லை. பின் அச்சு ஒரே கம்பி, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, இரு முனையிலும் உளுந்து வடையைச் செருகி, இலையின் மீது உருட்டிக் காட்டினார். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி திரும்ப மறுக்கும். அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தரையை விட்டு எழும்ப வேண்டும், அதற்கேற்ப சேசிஸே வளைந்து கொடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, அச்சையும் சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிட்டார். மாருதி எஞ்சினைப் போட்டு இதே கோயம்புத்தூரில் ரேஸ் கார் செய்த கரிவர்தன் பிறந்த மண்ணில், இதற்குப் போய் இத்தாலியா என்பது அவர் கட்சி. ஆனால் ரோட்டாக்ஸ் எஞ்சின் சீல் வைத்து வரும், அங்கீகாரம் பெற்றவர்கள்தான் பிரிக்கலாம் என்று கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. பட்டறைகள் நிறைந்த பீளமேட்டுக்காரரிடம் ஓர் எஞ்சினைக் கொடுத்துப் பிரிக்காதே என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அம்மாவுக்கு வேறு வருத்தம். ஓட்டுகிறவனும் வண்டியும் சேர்ந்து சீனியர் பிரிவில் சுமார் 160 கிலோ இருக்க வேண்டும், இவன் ஒல்லி என்பதால் குறையும் எடைக்கு ஈயக்கட்டி வாங்கி சீட்டில் முடுக்க வேண்டும் என்பது நோட்டின் மூன்றாம் பக்கம். இத்தனை வருடம் உளுந்தங்களி கிண்டிப் போட்டும் ஏறாத எடையை இப்போது கடையில் ஈயமாக வாங்குவதா என்று கேட்டு, அவன் இலையில் இன்னும் இரண்டு கரண்டி சோற்றை வைத்தார். முழுச் செலவுத் திட்டத்திலும் ஒரு வரியாவது குறைய வழி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வண்டியோடு முடிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புது டயர், மழை பெய்தால் அதற்கு வேறு டயர். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்குப் போவதென்றால் சுமார் 500 கிலோமீட்டர். வண்டிக்கு ஒரு வண்டி, மெக்கானிக், லாட்ஜ். பந்தயக் குழு ஒன்றிடம் கார்ட், டயர், ஆள் எல்லாவற்றையும் சேர்த்து நாள் வாடகைக்கு எடுத்து முதலில் ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்கு அவன் வரலாற்றில் இறங்கினான். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் எஸ்தபான் ஓக்கானின் பெற்றோர் மகனுக்காக வீட்டையே விற்றுவிட்டு கேரவனில் குடியிருந்தார்கள் என்றான். நாம் இருப்பதே வாடகை வீடு, ஹவுஸ் ஓனரைக் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்றாள் அக்கா. 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நாராயண் கார்த்திகேயன் நம் ஊர்தானே என்றான். அவருடைய அப்பாவே ராலி கார் ஓட்டியவர், உன் அப்பா வடை ஓட்டுகிறவர் என்று நான் சொன்னதை மச்சான் ரசிக்கவில்லை.

கடைசியில் தலைக்கவசம் மட்டும் என் சீர், வண்டி நாள் வாடகைக்கு, அதுவும் பரீட்சைக்குப் பிறகு என்று பேசி முடித்து வெற்றிலையை மடிக்கும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத என் மகள் தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பாயில் வைத்தாள். அன்றைக்கு வாடகை கார்ட் கொட்டகையில் அடித்துக் கொடுத்த நேரச்சீட்டு. அவனைவிட இவள் ஒரு விநாடிக்கும் மேல் முந்தியிருந்தாள். இவள் எடை குறைவு, அதனால்தான் என்றான் மாப்பிள்ளை. அப்படியானால் எனக்கும் ஈயம் கட்டுங்கள் என்றாள்.

அவளுக்கும் ஒரு தாய்மாமன் இருக்கிறார். திருப்பூரில், பனியன் கம்பெனி, தொழில் இப்போது நன்றாகவே போகிறது. நேற்று மாலையிலிருந்து என் போனை அவர் எடுக்கவில்லை. என் மனைவிதான் முந்திக்கொண்டு அண்ணனுக்குத் தகவல் கொடுத்திருப்பாள்.