அலகும் அழகும்: எழுத்து தடுமாறும் ஒருத்தியின் தேர்வுக் குறிப்புகள்

தைப்பூசத்தன்று காலையில் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி இது: "அண்ணன் இன்று அழகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிறார்." அலகு என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் ஒருவர், "அழகை எந்தக் கடையில் குத்துகிறார்கள்? எனக்கும் இரண்டு குத்தச் சொல்லுங்கள்" என்று எழுதினார். குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தால் அவர் அழகுக்காகக் குத்திக்கொண்டதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த மாதம் நடந்ததுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. தோழியின் அம்மா இறந்துபோனார். "ஆழ்ந்த இறங்கல்" என்று எழுதினேன். குழுவில் மூத்தவர் ஒருவர் உடனே திருத்தினார்: "இறங்கல் அல்ல, இரங்கல். இறங்குவது பஸ்ஸிலிருந்து. ஹெச்.எஸ்.சி. வரை தமிழ் படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா?" அதற்குக் கீழே பதினொரு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். தாயை இழந்தவளுக்கு அந்த நேரம் வரை ஆறுதல் சொல்லியிருந்தவர்கள் ஏழு பேர்.

எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது, வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தடுமாற வைக்கும் கற்றல் சிக்கல். அதோடுதான் பள்ளியின் கடைசித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துத் தேறினேன். இந்த அக்டோபரில் எழுதப்போகிற தம்பி தங்கைகள் சிலர், "எப்படி அக்கா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் குரல்பதிவு அனுப்பிக் களைத்துப்போய் இப்போது எழுதுகிறேன்.

முதலில், இது எனக்கே பதினேழு வயது வரை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நம் மொரீசியஸ் தீவுதான். வீட்டில் கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் பேச்சுமொழி. பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில், மிஸ் திட்டுவது பிரெஞ்சில், வாரத்தில் சில பாடவேளை தமிழ். தமிழில் பிழை விட்டால், "வீட்டில் கிரியோல்தானே பேசுகிறாய், வேறு எப்படி இருக்கும்?" என்றார்கள். பிரெஞ்சில் விட்டால், கிரியோல் எழுத்து மண்டையில் ஏறிவிட்டது என்றார்கள். ஆங்கிலத்தில் விட்டால், பிரெஞ்சோடு குழப்பிக்கொள்கிறாள். ஒரு மொழியின் பழியை இன்னொரு மொழி மேல் போட்டுக்கொண்டே போனார்கள். மூன்று நோட்டுப் புத்தகங்களையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்து, மூன்றிலும் ஒரே மாதிரி தடுமாற்றம் இருக்கிறதே என்று யாரும் பார்க்கவில்லை. பல மொழிப் பிள்ளைகளிடம் இது ஒளிந்துகொள்வது இப்படித்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அந்த மூன்று நோட்டுகளையும் ஒரே மேசையில் வையுங்கள்.

நான் பிழையே விடாத மொழி ஒன்று இருந்தது. பள்ளிக்காலத்தில் தோழிகளுக்குக் கிரியோலில் எஸ்.எம்.எஸ். அனுப்புவேன். அப்போது கிரியோலுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட எழுத்துமுறை பள்ளிக்குள் வந்திருக்கவில்லை. ஆளுக்கொரு விதமாக எழுதினோம், யாரும் யாரையும் திருத்தவில்லை. 2012-இல் கிரியோலைத் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே எழுத்துமுறையை வகுத்துவிட்டார்கள். இப்போது என் அண்ணன் மகள் என் கிரியோலையும் திருத்துகிறாள். போகட்டும்.

ஹெச்.எஸ்.சி.க்கு முந்தைய வகுப்பான லோவர் சிக்ஸில் பொருளியல் ஆசிரியர் ஒருவர்தான் கவனித்தார். வாயால் கேட்டால் முழுப் பதிலும் சொல்கிறாள், தாளில் பாதிதான் வருகிறது, ஏன் என்று அவர் என் அம்மாவிடம் கேட்டார். பிறகு கல்வி உளவியலாளரிடம் போனோம். பொருளில்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார், எண் வரிசைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொல்வதை எழுதச் சொன்னார். எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். தமிழுக்கு அங்கே சோதனை எதுவும் இல்லை. அறிக்கையை வாசித்துவிட்டு அப்பா, "அப்படியென்றால் சோம்பேறித்தனம் இல்லையா?" என்றார். அதன்பிறகு எதுவும் பேசாமல் வெளியே போய் ஆறு ஜோடி தால்பூரி வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் அப்பா மன்னிப்புக் கேட்கும் முறை அது.

1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கு நன்றாக வரும், வாசிப்பு வராது. பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றிப் 'பிரெசி' என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து என் பொருளியல் ஆசிரியர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். இதை அறிந்த நாளில், எனக்கு முன்னால் வரிசையில் ஒருவன் நிற்கிறான் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தேர்வுக்கு வருகிறேன். நம்முடைய ஹெச்.எஸ்.சி.யும் அதற்கு முன் வரும் எஸ்.சி.யும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்போடு சேர்ந்தவை. தகுந்த நிபுணரின் அறிக்கை இருந்தால் கால் பங்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம். நீங்களாக வாங்க முடியாது, பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும் காலத்திலேயே இதையும் கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அலுவலகத்தில் பாவமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். "இது கேட்டால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்" என்று அத்தைமார் சொல்வார்கள். எனக்கு முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டிருந்தது: கவனமில்லாதவள். இந்த முத்திரையோடு நேரமாவது கிடைத்தது.

ஒன்றரை மணி நேரத் தாளுக்குக் கால் பங்கு என்றால் இருபத்திரண்டரை நிமிடம். அதில் இன்னும் ஒரு பத்தி எழுதலாம் என்ற ஆசை வரும். வந்தால் பேனாவை மூடி வையுங்கள். மாதிரித் தேர்வில் நான் அந்தத் தவற்றைச் செய்து, கூடுதல் நேரத்தில் கூடுதல் பிழைகளை எழுதிக் கொடுத்தேன். இறுதித் தேர்வில் அந்தக் கூடுதல் நேரம் முழுவதையும் திருத்தத்துக்கே வைத்துக்கொண்டேன். கட்டுரையில் மொழிக்குத் தனியாக மதிப்பெண், சொல்ல வந்த விஷயத்துக்குத் தனியாக மதிப்பெண். எழுதும்போது விஷயத்தை மட்டும் பாருங்கள். பிழை பார்க்கும் ஆள் வேறொருத்தி, அவள் பின்னால் வருவாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்ததால்தான் பல வருடம் என் கட்டுரைகள் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. சந்தேகம் வந்த சொல்லையெல்லாம் விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த சொல்லை மட்டும் போட்டேன். 'மகிழ்ச்சி' எழுதப் பயந்து எல்லா இடத்திலும் 'சந்தோஷம்' எழுதினேன்.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேடக் கூடாது. முதல் சுற்றில் ர, ற மட்டும். அடுத்ததில் ல, ள, ழ. அதற்கடுத்து கொம்பும் காலும். கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேலே போவேன். கதையின் ஓட்டத்தில் வாசித்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்களே, நம்மை விழத்தட்டும் இடங்கள் உண்மையில் மிகக் குறைவு. அதிலும் பாதியை இலக்கணமே காப்பாற்றிவிடும். இலக்கணம் நமக்கு எதிரி என்று நினைத்திருந்தேன், கைப்பிடிச் சுவரே அதுதான். ண, ன, ள, ழ, ற ஐந்தும் சொல்லின் முதலில் வராது. ஆகவே சொல் தொடங்கும் இடத்தில் சந்தேகமே வேண்டாம், ந-வும் ல-வும் ர-வும்தான். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன்: வண்டி, பந்து, கன்று. இந்த ஒன்று தெரிந்ததும் என் பிழைகளில் பெரும்பகுதி கொட்டிப்போயிற்று. ர் இரட்டிக்காது, ஆகவே காற்று, வெற்றி, நேற்று எல்லாம் ற்ற-தான்.

ல்லா ள்ளா என்று தெரியாத வினைச்சொல்லைக் கடந்த காலத்துக்குத் தள்ளிப் பாருங்கள். கொன்றான், வென்றான், சென்றான் என்று ன்ற வந்தால் மூலத்தில் ல். கொண்டான், ஆண்டான், கேட்டான் என்று ண்ட, ட்ட வந்தால் ள். வாழ்ந்தான், தாழ்ந்தான் என்று மாறாமல் நின்றால் ழ். பெயர்ச்சொல் என்றால் பன்மை: கற்கள், பற்கள் ஒரு பக்கம், முட்கள் மறுபக்கம். நமக்குத் தமிழ் காதில் விழுந்து வளரவில்லை, ல-வையும் ள-வையும் வேறுபடுத்திக் கேட்டுப் பழகவில்லை. ஆனால் 'கொண்டான்' என்ற முழுச் சொல்லும் பாட்டிலும் தேவாரத்திலும் காதில் ஏறியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கலாம். எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்காது. துள்ளினான், கிள்ளினான் மாதிரி வழுக்கிப் போகிறவை உண்டு. இரங்கினான், இறங்கினான் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும், இலக்கணம் அங்கே கைவிரித்துவிடும். அப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு சின்ன நோட்டு. என் நோட்டில் நாற்பத்துச் சொச்சம் சொற்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கிறுக்கல் படம். இறங்கு-வுக்கு ரோஸ்ஹில் பஸ் படிக்கட்டு. அலகும் இரங்கலும் அந்த நோட்டில் இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.

கொம்பு வேறு கதை. கெ, கே, கை என்று ஒலிக்கும்போது க முதலில், உயிர் பிறகு. எழுதும்போது கொம்பு முந்திக்கொண்டு இடப்பக்கம் வந்து நிற்கிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் காவல். நம் நாட்டுப் பெயரின் முதலெழுத்தே அப்படி: மொ. சிறுவயதில் நான் கேட்ட வரிசைப்படி ம எழுதி, பிறகு கொம்பு, பிறகு கால் போட்டேன். தேசத்தின் பெயருக்கே சிவப்பு வட்டம். போனில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் இந்தத் தொல்லை மாயமாகிவிட்டது. அங்கே ம-வைத் தட்டி, பிறகு உயிர்க்குறியைத் தட்டினால் அது தானாகவே இடப்பக்கம் தாவி உட்கார்ந்துகொள்ளும். ஒலிக்கிற வரிசையிலேயே எழுதலாம். தேர்வு கையெழுத்தில்தான், ஆனாலும் மூன்று மாதம் போனில் எழுதிப் பழகியது கைக்கும் தைரியம் கொடுத்தது. எழுதியதைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், விட்டுப்போன எழுத்து காதில் இடறும். வண்ணக் கண்ணாடித் தாளை வைத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் பைசா பலனில்லை.

இனி அந்தக் குழு. எழுத்துப் பிழைக்கு நம்மவர்கள் இவ்வளவு கொதிப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டில் தமிழ் எழுத்து தன் இடத்திலிருந்து கீழே இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வீட்டில் தமிழ் பேசாத தாத்தாவும் அந்த எழுத்துக்காகத் தெருவில் நின்றார். பேச்சு கைநழுவிப்போன இடத்தில் எழுத்துதான் மானம். அதில் ஒருத்தி ற-வையும் ர-வையும் மாற்றிப் போட்டால் சிலருக்கு மேலே கல் விழுந்தது போலத்தான் இருக்கும். அது புரிகிறது. ஆனால் துக்கச் செய்திக்குக் கீழே திருத்தியது அதனால் சரியாகிவிடாது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "மன்னிக்கவும், என் தமிழ் மோசம்" என்று போடுவேன். அதை நிறுத்திவிட்டேன். அந்த வரியைப் பார்த்ததும் வாசிப்பவர் பிழை தேடத் தொடங்குகிறார். இப்போது யாராவது திருத்தினால் சொல்லை மாற்றிவிட்டு, "நன்றி, மாற்றிவிட்டேன்" என்பதோடு சரி. காரணம் சொல்வதில்லை. கேலி செய்தால் பதிலே கிடையாது. தேர்வு மாதத்தில் குழுக்களை மௌனமாக்கி வையுங்கள். ஒரு கேலி மூன்று நாள் கையை நடுங்க வைக்கும், எனக்கு வைத்திருக்கிறது.

அந்த மூத்தவரிடம் மட்டும் பேசினேன். கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு எழுத்து மாறிப்போகும் ஒரு பிரச்சினை இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே. இனி பிழை பார்த்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்."

"படித்த பிள்ளைதானே அம்மா நீ?"

"படித்தாலும் மாறும் ஐயா."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. வாழையிலையில் ஏழு கறியும் விழுந்து முடியும் வரை எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு போனில் ஒரு குரல்பதிவு வந்தது. மகா சிவராத்திரி பற்றி நான் போட்டிருந்த செய்தியில் இரண்டு சொல். மெதுவாக, எழுத்து எழுத்தாக உச்சரித்திருந்தார். இரண்டாவது சொல்லில் ழ-வை அழுத்தி ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. இப்போதும் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர் குழுவில் 'வாழ்த்துக்கள்' என்று எழுத, வேறொருவர் 'வாழ்த்துகள்'தான் சரி என்று பாய்ந்து, இரண்டு பேரும் இரவு பத்தரை வரை சண்டை போட்டார்கள். நான் ஒரு பூவை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.