சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கப் போகிறீர்களா? தரையில் முடிக்க வேண்டியதை முதலில் முடியுங்கள்

நான் லீவில் ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். "தம்பி, இவன் பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், எந்த ஸ்கூல்ல சேக்கலாம்?" எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறங்கள், ஸ்கூல் அதற்கும் பிறகு என்று சொன்னால் நான் ஏதோ மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் என் கதையையே எழுதிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டைக்காரன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. இப்போது ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. இந்த இடத்துக்கு வர ஆறரை வருடம் ஆனது, அதில் குறைந்தது ஒன்றரை வருடம் என் அவசரத்தால் வீணாய்ப் போனது.

முதலில் மெடிக்கல். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், அது வந்ததும் கிளாஸ் 1. கமர்ஷியல் லைசென்ஸுக்குக் கிளாஸ் 1 கட்டாயம். கண்ணாடி போட்டிருப்பது பெரும்பாலும் தடையில்லை, போட்ட பிறகு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம், புள்ளிகளுக்குள் எண் தெரியும் அந்த இஷிஹாரா அட்டையில் தடுமாறினால் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. அட்வான்ஸ் கட்டிவிட்டு மெடிக்கலுக்குப் போய் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதி வந்திருக்கிறார்கள், என் பேட்ச்சிலேயே இருவர். அடுத்து கம்ப்யூட்டர் நம்பர், டிஜிசிஏ தரும் பதிவு எண். அது இல்லாமல் டிஜிசிஏ தேர்வு எழுத முடியாது, அதற்கு மதிப்பெண் சான்றிதழ் உண்மையானதுதான் என்று போர்டிலிருந்து சரிபார்த்து வாங்க வேண்டும். சின்ன வேலை மாதிரி தெரியும், நாள் இழுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இதை ஆரம்பித்துவிடுங்கள்.

இனி பாடங்கள். ஏர் நேவிகேஷன் (வழி கணிப்பது), மீட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ் (விதிகள்), டெக்னிக்கல் ஜெனரல், அப்புறம் நீங்கள் ஓட்டும் விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். எல்லாம் கொள்குறி வினா, எல்லாவற்றிலும் 70 சதவீதம் வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ரெகுலேஷன்ஸ் மனப்பாடம், மூன்று வாரம் உட்கார்ந்தால் முடியும். டெக்னிக்கல், பிளஸ் டூ இயற்பியல் ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பயமில்லை. ஆளைச் சாய்ப்பது நேவிகேஷன். நான் இரண்டு முறை விழுந்தேன், 64, அப்புறம் 67.

ஏன் விழுந்தேன் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. கேள்வி வங்கியை உருப்போட்டேன், கணக்கு புரியவில்லை. ஒன்-இன்-சிக்ஸ்டி விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாட்டிகல் மைல் போனதில் 1 மைல் விலகினால் 1 டிகிரி பிழை. 30 மைல் போயிருக்கிறீர்கள், கோட்டுக்கு வலப்பக்கம் 2 மைல் தள்ளி நிற்கிறீர்கள் என்றால் பிழை 4 டிகிரி. இன்னும் 40 மைல் பாக்கி என்றால் அந்த 2 மைலை மூட 3 டிகிரி. ஆக இடப்பக்கம் 7 டிகிரி திருப்ப வேண்டும். நான் இரண்டு முறையும் 4 டிகிரியை மட்டும் போட்டுவிட்டு வந்தேன். 4 டிகிரி திருப்பினால் பழைய கோட்டுக்கு இணையாகத்தான் போவோம், போய்ச் சேர வேண்டிய ஊருக்கு 2 மைல் தள்ளிக் கடந்து போய்விடுவோம். அதைத் தாளில் படம் வரைந்து பார்த்த அன்றைக்குத்தான் பாடம் திறந்தது. மூன்றாவது முறை எழுதியபோது ஒவ்வொரு கணக்குக்கும் படம் போட்டேன், 82 வந்தது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு இடிப்பது ஆங்கிலம் முழுதும் இல்லை, கேள்வியில் ஒளிந்திருக்கும் ஒற்றைச் சொல்தான். ஹெடிங்கா (மூக்கு பார்க்கும் திசை) டிராக்கா (தரைமேல் போகும் பாதை), ட்ரூவா (உண்மை வடக்கு) மேக்னட்டிக்கா (காந்த வடக்கு) என்று கேள்வியில் வட்டம் போட்டுவிட்டுக் கணக்கைத் தொடுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதைத்தான் சொல்வார்கள், நம் ஊரில் மேல்காற்று, வாடைக்காற்று என்று சொல்வது போலவே. மீட்டியராலஜிக்கு நான் செய்த ஒரு நல்ல காரியம், தினமும் காலையில் மதுரை விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையை எடுத்துப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பது. அதில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று, அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை மேகம், எல்லாம் புத்தகத்தில் இருப்பது நம் தலைக்கு மேலேயே நடக்கும். மூன்று மாதம் இப்படிப் பார்த்தவனுக்கு அந்தத் தாள் கஷ்டமே இல்லை.

ரேடியோ லைசென்ஸுக்கான ஆர்டிஆர் தேர்வில் பேச்சுப் பகுதிதான் பயம். 3-ஐ ட்ரீ, 5-ஐ ஃபைஃப், 9-ஐ நைனர் என்று சொல்லிப் பழக வாய் கொஞ்சம் அடம்பிடிக்கும். நான் கடையில் ஆணி எடை போடும்போது எண்களை எல்லாம் அப்படிச் சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பாஸ் ஆகிவிட்டேன்.

இப்போது என் பெரிய தவறு. இரண்டே தாள் பாஸ் செய்த கையோடு ஃபிளையிங் ஸ்கூலில் சேர்ந்தேன், மீதியை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று. பறக்கும் நாளில் அதிகாலை நாலரைக்கு எழுந்து, வெயிலில் ரன்வே ஓரம் காத்திருந்து, ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வந்தால் உடம்பு கட்டிலைத்தான் தேடும். விமானம் ரிப்பேர், மழை, இன்ஸ்ட்ரக்டர் லீவு என்று சும்மா உட்கார்ந்த நாட்களிலும் படித்தேனா என்றால் இல்லை, எப்போது கூப்பிடுவார்கள் என்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பு முடிந்தபோது நேவிகேஷன் பாக்கி. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்னான 6 மாதத்துக்குள் 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும், பறந்து காட்டும் தேர்வான செக் ஃபிளைட்டும் பழசாகிவிடக் கூடாது. நான் நேவிகேஷன் பாஸ் ஆவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிட்டது. திரும்பப் போய்ப் பறந்தேன், இரண்டு லட்சத்துக்கு மேல் தண்டம். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனில் அது.

அதனால் எல்லாத் தாளையும் வீட்டில் அம்மா சோற்றைத் தின்றுகொண்டு முடித்துவிட்டு, அப்புறம் ஸ்கூலுக்குப் போங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.

பறப்பதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது கற்றுத் தருகிறவர் பக்கத்தில் இருந்தால்தான் வரும். எனக்குப் பிரச்சினை லேண்டிங். கடைசி நொடியில் மூக்கைத் தூக்கும் அந்த ஃபிளேரை ரொம்ப உயரத்திலேயே ஆரம்பித்துவிடுவேன், விமானம் மிதந்து தொப்பென்று விழும். "கண்ணை மூக்குக்கு முன்னாடி தரையில வைக்காத, ரன்வேயோட அந்தக் கடைசியப் பாரு" என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்ன ஒரே வரியில் சரியானது. இன்னொன்று, அறையில் நாற்காலிக்கு முன்னால் செஸ்னா 172 காக்பிட் படத்தை ஒட்டிவைத்து, சர்க்யூட் (கிளம்பி ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது) முழுதும் வாயால் சொல்லிக் கையால் செய்து பார்ப்பது. ரூம்மேட் சிரித்தான். அடுத்த வாரம் அவனும் ஒரு படம் வாங்கி ஒட்டினான்.

200 மணி நேரம் என்று மொத்தமாக நினைக்காதீர்கள், உள்ளே பிரிவுகள் இருக்கின்றன. தனிப் பொறுப்பில் 100 மணி நேரம், அதில் கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊருக்குப் பறப்பது, 20, அதற்குள் 300 நாட்டிகல் மைல் போய் வேறு இரண்டு இடங்களில் இறங்கி வரும் ஒரு நீண்ட பயணம், இரவுப் பறப்பு 5 மணி நேரம் என்று. என் லாக்புக்கும் ஸ்கூல் பதிவேடும் ஒரு மணி பத்து நிமிடம் ஒத்துப்போகாமல் ஃபைல் திரும்பி வந்தது. ஒவ்வொரு வாரமும் இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, லைசென்ஸ் வந்தது. வேலை? பதினாறு மாதம் வரவில்லை. கடையில் பெயின்ட் டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வருகிறவர்கள் எல்லோரும் "ஏரோப்ளேன் என்னாச்சு" என்று விசாரிப்பார்கள். அந்தக் காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் பழைய ஐந்து தாளையும் மறுபடி படித்தது. ஏர்லைன் எழுத்துத் தேர்வில் வந்தது அதே பாடம்தான். அப்புறம் சைக்கோமெட்ரிக் என்ற மனத்திறன் தேர்வு, சிமுலேட்டர், இன்டர்வியூ. தேர்வானதும் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சியும் தகுதியும்), அதன் பிறகு பயணிகளோடு, பக்கத்தில் டிரெய்னிங் கேப்டனோடு லைன் டிரெய்னிங். முதல் நாள் கேபினில் அத்தனை தலைகளைப் பார்த்துக் கை வேர்த்தது.

இப்போது ஒரு நாள் எப்படி என்றால், அதிகாலை இரண்டரைக்கு அலாரம், மூன்றேகாலுக்கு வண்டி. போனதும் மூச்சுப் பரிசோதனை, மது கொஞ்சம்கூட இருக்கக் கூடாது, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூட நான் தொடுவதில்லை. வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்புகள்), எரிபொருள் பார்த்துவிட்டு கேப்டனோடு பேசி முடித்து, டார்ச் எடுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வருவேன். நாலு செக்டர், அதாவது நாலு பறப்பு, ஒன்றை அவர் ஓட்டினால் மற்றதை நான். நடுவில் அரை மணி நேர இடைவெளியில் சாப்பாடு. நாலு ஊருக்குப் போயும் ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டேன். நவம்பரில் சென்னைக்கு மேலே மழையில் வட்டமடித்துக்கொண்டு, எரிபொருள் கணக்கைப் பார்த்து பெங்களூருக்குத் திருப்பலாமா என்று பேசும்போது அந்த நேவிகேஷன் தாள் ஞாபகம் வரும். பறக்கும் நேரத்துக்கு 28 நாளில் 100 மணி, வருடத்துக்கு 1000 மணி என்று உச்சவரம்பு, வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு. தீபாவளி, பொங்கல் ரோஸ்டரைப் பொறுத்தது. தங்கை கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

படிப்பு முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் செக், வருடா வருடம் மெடிக்கல். கேப்டன் ஆக ஏடிபிஎல் என்ற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1500 மணி நேரம், மறுபடி நேவிகேஷன், மறுபடி மீட்டியராலஜி.

ஏர்லைன் கிடைக்காவிட்டால் வாழ்க்கை போய்விட்டது என்றும் இல்லை. என் பேட்ச்சில் ஒருவன் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து அதே மாதிரி ஒரு ஸ்கூலில் கற்றுத் தந்தான், சம்பளமும் வந்தது, மணி நேரமும் ஏறியது, இப்போது ஏர்லைனில் ஏடிஆர் என்ற சின்ன விமானம் ஓட்டுகிறான். இன்னொருத்தி விமானத்தை வாடகைக்கு ஓட்டும் சார்ட்டர் கம்பெனியில். ஒருவன் மட்டும் வேலை எதுவும் உறுதியாகாமலேயே, "எடுத்து வைத்தால் உடனே கூப்பிடுவார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி, சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுத்தான். கூப்பிடவில்லை, மேலே இன்னும் பல லட்சம் கடன். ஆஃபர் லெட்டர் கையில் இல்லாமல் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.