தேன் ஊற்றும் நாள் வரை

டிசம்பர் 20, சனி. கலமாட்டா, கிரீஸ்

நேற்று இரவு ஆலையிலிருந்து புது ஆலிவ் எண்ணெய் வந்தது, 17 லிட்டர் தகர டின்னில். கொரொனேயிகி என்ற சின்னக் காய்களை ஆட்டி எடுத்தது. பச்சைப் பசேலென்று, ஒரு சொட்டு விழுங்கினாலே தொண்டையைக் காறுகிறது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் பொரிப்பதும் இதில்தான். வேறு எண்ணெயை அத்தை அடுப்பருகே விடமாட்டார்.

இன்று லலாங்கியா மட்டும். மைதா, ஈஸ்ட், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். முட்டையோ பாலோ கிடையாது. நவம்பர் 15-இல் தொடங்கிய நாற்பது நாள் நோன்பு இன்னும் முடியவில்லை, ஆனால் இதைச் சாப்பிடத் தடையில்லை. மாவைக் கயிறு போலத் திரித்து முறுக்கிப் போட்டால் பொன்னிறமாக எழும்பி வரும். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. மற்றவர்கள் தேன் தொட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த உப்பும் எண்ணெய் மணமுமே போதும். சூட்டோடு நான்கு சாப்பிட்டேன்.

டிசம்பர் 22

சந்தையில் வால்நட்டும் தைம் பூத்தேனும் வாங்கினோம். ஆரஞ்சு கொல்லையிலேயே இருக்கிறது. நாளை தீப்லெஸ், தேன்பாகில் முக்கும் பொரித்த சுருள். தீப்லா என்றால் மடிப்பு. அந்த மடிப்புதான் இரண்டு வருடமாக எனக்குக் கைகூடவில்லை.

டிசம்பர் 23

ஆறு முட்டையை நுரை பொங்க அடித்து, ஓர் ஆரஞ்சின் சாறு, இரண்டு கரண்டி ஊசோ, சிட்டிகை உப்பு. பிறகு பிடிக்கிற அளவுக்கு மைதா. அரைக் கிலோவுக்கு மேலேயே போனது. சூடான எண்ணெயில் சாராயம் சட்டென ஆவியாகி மாவைக் கொப்பளிக்க வைக்கும், அதற்காகத்தான் ஊசோ. ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் ஊறவிட்டோம். இதில் அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொண்டே இருக்கும்.

தேய்ப்பதற்குப் பூரிக்கட்டை இல்லை, நீளமான ஒல்லிக் கம்பு. தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல்கள் தெரியவேண்டும், அதுதான் அத்தையின் கணக்கு.

நீளத் துண்டு எண்ணெயில் விழுந்த உடனே கொப்பளங்கள் கிளம்பும். அப்போதே முள்கரண்டியால் ஒரு நுனியைப் பிடித்து, இன்னொரு கரண்டியால் தாங்கி, பாய் சுருட்டுவது போலச் சுருட்ட வேண்டும். 15, 20 நொடிதான். தாமதித்தால் அப்பளமாக விறைத்துவிடும். என் முதல் நான்கும் அப்படித்தான் விறைத்து உடைந்தன. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தது. அத்தை தீயைக் குறைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். “கோரி மு, கரண்டியைத் திருகாதே. மாவு தானாகச் சுற்றும், நீ வழி காட்டினால் போதும்.” கோரி மு என்றால் என் மகளே. ஐந்தாவது சுருண்டது. அப்புறம் ஒன்றுகூட உடையவில்லை.

உடைந்த துண்டுகளை நோக்கிக் கை போனது. ஆனால் முட்டை சேர்த்ததாயிற்றே, 25 வரை கூடாது. உப்பு சரியா, முட்டை வாசம் தூக்கலா, எதுவும் தெரியாமலே அறுபதுக்கு மேல் பொரித்தோம். கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை செய்யும்போது எங்கள் அம்மா வீட்டிலும் இதே கட்டுப்பாடுதான். நைவேத்தியத்துக்கு முன் ஒரு விள்ளல்கூடக் கிடைக்காது. உப்பு அம்மாவின் கையளவு. வெந்ததா என்பதை எண்ணெயின் சத்தம் அடங்குவதை வைத்துச் சொல்லிவிடுவார். அத்தை இன்று உடைந்த துண்டொன்றை என் காதருகே கொண்டுவந்து ஒடித்தார். காய்ந்த சருகு மாதிரிச் சத்தம். “கேட்டாயா? சரியாக வந்திருக்கிறது.” இவர்கள் இருவரையும் ஒரே அடுப்படியில் நிறுத்திப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

டிசம்பர் 25

விடியுமுன் தேவாலயம். திரும்பியதும் தேன், கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர், ஒரு துண்டு பட்டை சேர்த்துப் பாகு காய்ச்சினோம். ஒவ்வொன்றாக முக்கி உடனே எடுத்துவிட வேண்டும், ஊறினால் நமத்துவிடும். மேலே வால்நட் பொடியும் பட்டைத்தூளும்.

முதல் கடியில் ஆரஞ்சு மணம், அப்புறம் தேன். முட்டை வாசம் துளியும் இல்லை. உப்பு மட்டும் ஒரு இழை குறைவு. அத்தையிடம் சொன்னேன். இன்னொரு வாய் மென்று பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார். நோட்டில் “அரைச் சிட்டிகை கூட்டவும்” என்று எழுதிவைத்தேன். பாகில் முக்காத நாற்பதும் டப்பாவில் இருக்கின்றன. ஜனவரி 1 அன்று விருந்தாளிகள் வருமுன் தேனைச் சூடாக்கினால் போதும்.